உங்களுக்குத் தெரியுமா? சொந்த ரத்தமே பசை!

கண்ணில் வளரும் சதையை, அதாவது டெரிஜியத்தை அகற்றிய பின் அங்கே வைக்கும் ஒட்டுத் திசுவை, நூலும் மருந்துப் பசையும் இல்லாமல் நோயாளியின் சொந்த ரத்தத்தாலேயே ஒட்ட வைக்கலாம்!

• மேல் இமைக்குள் மறைந்திருக்கும் வெண்படலத்தில் மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து, சதை இருந்த இடத்தில் பரப்புகிறார்கள். அங்கே கசியும் ரத்தம் சில நிமிடங்களில் உறைந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. செலவே இல்லை! ஆனால் ஒட்டு நகர்ந்துவிடும் ஆபத்து மற்ற முறைகளைவிட அதிகம். முதல் சில நாட்கள் கண்ணைத் தேய்க்கவே கூடாது.

• தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. பிடி உறுதி, ஆனாலும் கண் உறுத்தும்.

• ஃபைப்ரின் பசையில் ஃபைப்ரினோஜன், த்ராம்பின் இரண்டும் கலந்ததும் இறுகத் தொடங்கும். தையலைவிட நேரம் குறைவு, சதை மீண்டும் வளர்வதும் குறையலாம் என்கிறது 2016-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. விலைதான் இடிக்கிறது.

• ஒட்டே வைக்காமல் விட்டால்? சதை திரும்ப வளரும் வாய்ப்பு மிக அதிகம். எந்த முறை என்பதைவிட, ஒட்டு வைப்பதே முக்கியம்.