சாட்சி சொல்லும் மாஸ்!

மழைக்காலம் வந்தால் ஆரணி நெசவாளர்களுக்குக் கவலைதான். பட்டுப் பாவைத் தெருவில் விரிக்க முடியாது. ஆனால், அதே மழையில் கொண்டாட்டமாக வளரும் ஒரு செடியும் உண்டு. கிணற்றடியிலும் பழைய மதில் சுவரிலும் பச்சை வெல்வெட் விரித்தது போலத் தெரியுமே, அதுதான்!

இதைப் 'பாசி' என்போம். ஆனால் குளத்துப் பாசி வேறு, இது வேறு. இதன் பெயர் மாஸ். இதற்குப் பூ இல்லை, விதை இல்லை, உண்மையான வேரும் இல்லை.

இந்தக் குட்டிச் செடிகளைத் தேடிப் பழனி மலையில் அலைந்தவர், பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ. அவர் சேகரித்த மாஸ்களை பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளின் நிபுணர்களும் ஆராய்ந்தனர். ஒரு வகை மாஸுக்கு அவர் நினைவாக 'ஃபோரோவெல்லா' என்றே பெயர் வைத்தனர். பழனி மலை மாஸ்கள் பற்றிய அவரது கட்டுரை 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் வெளிவந்தது.

அருங்காட்சியகங்களில் மாஸை எப்படி வைத்திருப்பார்கள் தெரியுமா? உலர்த்தி, காகித உறையில் போட்டு வைப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து எடுத்துத் தண்ணீரில் நனைத்தாலும், சுருண்ட இலைகள் விரிந்துவிடும்! மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த வகை என்று கண்டுபிடிக்கலாம்.

உறைக்குள் இருக்கும் செடியைப் போலவே, உறைமேல் எழுதியிருப்பதும் முக்கியம். செடியின் பெயர், கிடைத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். இவை இல்லாவிட்டால் அது வெறும் காய்ந்த சருகு. இருந்தால், 'இந்த நாளில், இந்த இடத்தில் நான் வாழ்ந்தேன்' என்று சொல்லும் சாட்சி! இன்று அதே இடத்தில் தேடிப் பார்த்து, அந்த மாஸ் இல்லையென்றால், 'காடு அழிந்ததா? ஓடை வற்றியதா?' என்று கேட்க முடியும்.

மாஸ், காற்றில் வரும் தூசியையும் உலோகங்களையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சேகரித்து வைத்திருந்த மாஸ்களைச் சோதித்தனர். காற்றில் ஈய நச்சு எப்படிக் கூடிவந்தது என்பதை 1968-ல் எடுத்துக் காட்டினர். அன்று மாஸைச் சேகரித்தவர்கள் இப்படி ஒரு பயனை நினைத்திருப்பார்களா?

நீங்களும் முயன்று பாருங்கள் குட்டீஸ்! வீட்டுச் சுவரில் வளரும் மாஸில் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்தி, உறையில் போடுங்கள். இடம், தேதி, உங்கள் பெயர் எழுத மறக்காதீர்கள். நாளைக்கு அதுவும் ஒரு சாட்சி!