வாசலிலேயே சக்கரம் கழற்றலாம்

கார்க் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அது வங்கியிடம் கேட்கும் கேள்வியும் அன்று. ஆயினும் ஹப்சிகுடாவில் பணியாற்றும் நாம் அதைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. இங்கிருந்து உப்பல் வழியாக யாதகிரிகுட்டா, வாரங்கல் நோக்கிச் செல்லும் 163ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில், குடும்பத்தினர் வண்டியில் அமர்ந்திருக்க டயர் பஞ்சரானால், பலர் அப்போதுதான் அந்தக் கருவிகளை முதன்முறையாகத் தொடுகிறார்கள். அந்தப் பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலேயே படித்துவிடலாம்.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர். தொடக்க காலக் கார்களுக்கு உபரிச் சக்கரம் கிடையாது. 1904ஆம் ஆண்டு வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் அந்தத் தெருவிலிருந்து அதைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராகி, நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்தது.

முதலில் இடம். சமதளமான சிமெண்டுத் தரையே சிறந்தது. தளம் வழவழப்பான ஓடு பதித்ததாக இருந்தால் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை ஒன்றை வைக்க வேண்டும். வண்டி ஏறி இறங்கும் சரிவுப் பாதையில் இவ்வேலை கூடவே கூடாது. நிலம் அசைவதை ஆராயும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நம் பகுதியிலேயே இருக்கிறது. நமக்கோ கார் அசையாமல் இருந்தால் போதும்.

கைபிரேக் போட்டால் கார் நகராது என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலான கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் தரையில் மிஞ்சுவது ஒரே ஒரு பிரேக் சக்கரந்தான். கியரோ, முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் முன்பக்கத்தைத்தான் பிடிக்கும். முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால் அது தாராளமாகச் சுழலும், கியரின் பிடியும் போய்விடும். ஆகவே கைபிரேக், கியர் இரண்டும் வேண்டும். தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் செங்கற்களை அண்டக் கொடுக்கவும் வேண்டும். உள்ளே எவரும் அமர்ந்திருக்கக் கூடாது.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். நாம் கொடுக்கும் விசை ஜாக்கியை ஆட்டிவிடும். ஸ்பேனரை நட்டின் இடப்பக்கம் நீட்டிக் கீழ்நோக்கி அழுத்தினால் போதும். அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு பொருத்தியிருந்தால் அதற்குரிய சிறு சாவி காரிலேயே இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியைக் கதவுக்குக் கீழே, கையேடு காட்டும் குறியிடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். டயர் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பியதும் நிறுத்தலாம். காற்று நிறைந்த சக்கரத்தைப் பொருத்தச் சற்றுக் கூடுதல் உயரம் தேவைப்படும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. ஒரு டன் எடை சரிந்தால் விலக நேரம் இராது. எனவே தலையோ கையோ வண்டியின் அடியில் போகக் கூடாது. கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல் நிற்கும். பிரேக்கைப் பார்க்க வேண்டுமெனில் தாங்கு கால்கள் இன்றித் தொடாதீர்கள்.

சில நேரம் துருவினால் சக்கரம் ஒட்டிக்கொண்டு வராது. இரு கைகளாலும் பிடித்திழுப்பது ஆபத்து. நட்டுகளை மீண்டும் இரண்டு சுற்று மாட்டி, காரை மெல்ல இறக்கினால் அதன் எடையே பிடியைத் தளர்த்திவிடும்.

திரும்பப் பொருத்தும்போது நட்டின் சரிந்த முனை உள்நோக்கி இருக்க வேண்டும். முதலில் விரலால் திருகி, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, காரை இறக்கிய பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கையேட்டில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் சுமார் 40 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஏறி நின்று குதிப்பதும் எண்ணெய் பூசுவதும் மரையைக் கெடுக்கும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமடைந்தால் இழப்பீடு கிடையாது. காரும் சேர்ந்து சேதமடைந்தால்தான், அதுவும் டயர் விலையில் 50 சதவீதம் வரை. சாலையோர உதவி என்னும் கூடுதல் பிரிவைத் தனியே வாங்க வேண்டும். மேலும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. புதுக் கார் வாங்குவோர் முதலில் டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது.

சக்கரம் மாற்றி ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய சக்கரம் திரும்பி வந்த அன்றே, ஸ்டெப்னியிலும் காற்றை அளந்துவிடுங்கள்.