பலூன் எங்கே போய் விழும்?

ஆடி மாதத்தில் எட்டயபுரத்துக் கரிசல் நிலத்தில் நின்றால், மேற்கிலிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா வந்த பழமொழியன்று. அந்தக் காற்றில், ஓர் அளவுகருவிப் பெட்டியைக் கட்டி, பெரிய ரப்பர் பலூன் ஒன்றைப் பறக்க விடுவதாக வைத்துக்கொள்வோம். அது எங்கே போய் விழும்?

"இதென்ன கேள்வி? காற்று கிழக்கே போகிறது. கிழக்கே 40 கி.மீ. தூரத்தில் கடல். பலூன் கடலில்தான் விழும்" என்பீர்கள். ஆனால் அந்தப் பலூன் மேற்குத் தொடர்ச்சி மலையில் போய் விழக்கூடும்! ஏன் என்று பார்ப்போமா?

பலூன் ஏன் ஏறுகிறது? ஏன் வெடிக்கிறது?

தரை மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அதே அளவு ஹீலியம் வாயுவின் எடை ஏறத்தாழ 0.17 கிலோகிராம்தான். ஆகவே ஒரு கன மீட்டர் ஹீலியம், சுமார் ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கும். இது ஆர்க்கிமிடிஸ் தத்துவமே. 2 மீட்டர் விட்டமுள்ள பலூனில் 4 கன மீட்டருக்குச் சற்று அதிகமாக வாயு பிடிக்கும். அது தன் எடையையும் ஒரு சிறு பெட்டியையும் சுமந்துகொண்டு, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறும்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 30 கி.மீ. உயரத்தில் அது தரையில் உள்ளதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்குதான். வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளேயிருக்கும் வாயு விரிகிறது. 2 மீட்டர் பலூன் 8 மீட்டர் விட்டத்துக்கு, அதாவது ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கு உப்பிவிடும். ரப்பர் எவ்வளவுதான் தாங்கும்? கடைசியில் வெடிக்கிறது. பெட்டி பாரசூட்டில் தொங்கியபடி இறங்குகிறது.

காற்றுக்கும் மாடிகள் உண்டு

காற்று எல்லா உயரத்திலும் ஒரே திசையில் வீசுவதில்லை. ஒரு கட்டடத்தின் மாடிகளைப் போல அடுக்கடுக்காக வெவ்வேறு காற்றுகள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் தெஸ்ரான் த போர் ஆளில்லாப் பலூன்களைப் பலமுறை அனுப்பி, ஓர் உயரத்துக்கு மேல் குளிர் கூடுவது நின்றுபோவதை 1902-இல் வெளியிட்டார். ஸ்டிராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கு இப்படித்தான் தெரியவந்தது. நம் பகுதியில் அந்த எல்லை 16, 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல், சுமார் 6 கி.மீ. உயரம் வரை மேற்குக் காற்று வீசுகிறது. அதற்கும் மேலே நேர் எதிராகக் கிழக்குக் காற்று! 14, 15 கி.மீ. உயரத்தில் அது மிக வேகமாக ஓடுகிறது. இந்தக் கிழக்குக் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் ஆய்ந்து எழுதினார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு சராசரி வேகத்தை எடுத்துக்கொள்வோம். பலூன் விநாடிக்கு 5 மீட்டர் ஏறுகிறது.

முதல் 6 கி.மீ. ஏற 20 நிமிடம். மேற்குக் காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்றால், பலூன் கிழக்கே 12 கி.மீ. போகிறது.

6-லிருந்து 18 கி.மீ. வரை ஏற 40 நிமிடம். கிழக்குக் காற்று விநாடிக்கு 20 மீட்டர். பலூன் மேற்கே 48 கி.மீ. திரும்பி வருகிறது.

18-லிருந்து 30 கி.மீ. வரை இன்னொரு 40 நிமிடம். கிழக்குக் காற்று விநாடிக்கு 15 மீட்டர். மேற்கே மேலும் 36 கி.மீ.

கூட்டிக் கழித்தால், பலூன் வெடிக்கும் இடம் எட்டயபுரத்துக்கு மேற்கே 72 கி.மீ. மலைத் தொடரே ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. இறங்கும்போதும் அதே காற்றுகள் தள்ளும் அல்லவா? மேலே காற்று மெலிந்திருப்பதால் பாரசூட் முதலில் வேகமாக விழும். கீழே வர வர மெதுவாகும். அந்த நேரத்தில் இன்னும் 20 கி.மீ. அளவுக்கு மேற்கே போய்விடலாம். கரிசல் சீமையில் காடு என்றால் புஞ்சை நிலம். இதுவோ யானை உலவும் மலைக்காடு. பெட்டியை யார் போய் எடுப்பது?

ஆகவே பலூன் விடுகிறவர்கள் முதலில் செய்வது வாயு நிரப்புவதன்று, இந்தக் கணக்கைப் போடுவதுதான். கணக்குச் சாதகமாக இல்லாவிட்டால் அன்று பலூன் பறக்காது.

பின்தொடர்வது எப்படி?

பழைய முறை தியோடலைட். பலூன் ஏறும் வேகம் தெரியுமாதலால், எந்த நிமிடத்தில் எவ்வளவு உயரம் என்பதும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் உயரம் 3,000 மீட்டர். அப்போது தொலைநோக்கியின் ஏற்றக் கோணம் 45 டிகிரி என்றால், பலூன் 3 கி.மீ. தள்ளியிருக்கிறது. கோணம் 30 டிகிரி என்றால் 5.2 கி.மீ. நீங்கள் படிக்கும் டேஞ்சன்ட் விகிதம் இங்கே உதவுகிறது. திசைக் கோணத்தையும் குறித்துக்கொண்டால், அந்த உயரத்துக் காற்றின் திசையும் வேகமும் கிடைத்துவிடும்.

மேகம் மறைத்தால்? அதற்குத்தான் ரேடியோசோண்டு. வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலைகளால் சொல்லும் சிறு பெட்டி அது. 30 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 600 கி.மீ.க்கு அப்பால் இருக்கும். எட்டயபுரத்தின் மேலே அந்த உயரத்தில் நிற்கும் பெட்டிக்குப் பெங்களூரும் இலங்கையும் கண்ணுக்கெட்டும் தூரம்தான். அதனால் மிகச் சிறிய டிரான்ஸ்மிட்டரின் குரலும் வெகு தூரம் கேட்கும்.

இன்று ஜி.பி.எஸ். கருவி பலூன் இருக்குமிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. ஆனால் சில ஜி.பி.எஸ். கருவிகள் 18 கி.மீ. உயரத்துக்கு மேல் வாய் மூடிக்கொள்ளும்! ஏவுகணைகளில் பயன்படக் கூடாது என்று வைத்த கட்டுப்பாடு அது. இதை அறியாமல் வாங்கினால் பாதி வழியில் பலூனைத் தொலைக்க வேண்டியதுதான்.

நம் நாட்டில்

இந்திய வானிலைத் துறை சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் உள்ளிட்ட பல நிலையங்களிலிருந்து இத்தகைய பலூன்களை அனுப்புகிறது. ஹைதராபாத்தில் 1969 முதல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் தளம் இயங்குகிறது. அங்கே பறப்பவை ரப்பர் பலூன்கள் அல்ல. மெல்லிய பாலிதீன் தாளால் ஆன மாபெரும் பலூன்கள். 2005 ஏப்ரலில் அங்கிருந்து சென்ற பலூன் ஒன்று 20 முதல் 41 கி.மீ. வரை பல உயரங்களில் காற்றைச் சேகரித்தது. அதில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் இருந்ததாக 2009-இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர் சூட்டப்பட்டது. இறங்கிய பெட்டி பத்திரமாகக் கைக்குக் கிடைக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியே இல்லை.

மாணவர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். மாணவர்கள் செய்த 100 மிகச் சிறிய கருவித் தொகுதிகள், 2021 பிப்ரவரி 7 அன்று இராமேசுவரத்திலிருந்து ஹீலியம் பலூன் மூலம் மேலே சென்றன.

உங்கள் புஞ்சையில் விழுந்தால்

பாரசூட்டோடு ஒரு பெட்டி விழுந்தால் ஊரே கூடிவிடும். வெடிகுண்டு என்ற வதந்தியும் கிளம்பும். நீங்கள் முன்னே நின்று விளக்கம் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கவோ இழுக்கவோ வேண்டாம். ஆராய்ச்சிப் பெட்டிகள் சிலவற்றில் உயர் மின்னழுத்தம் இருக்கும். மேலே ஒட்டியுள்ள முகவரியைத் தூர நின்று படித்து, காவல் நிலையத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ தெரிவியுங்கள்.

நீங்களே பலூன் விட ஆசையா? ஆசிரியர் துணையும், வான்போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியும் இல்லாமல் கூடாது. தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் விமானங்கள் வந்து போகின்றன என்பதை மறக்காதீர்கள். ஹைட்ரஜன் தயாரித்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஒரு பொறி பட்டால் போதும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பொறியின் குணத்தைச் சொல்லித் தரவா வேண்டும்?

பலூன் இல்லாமலே காற்றின் மாடிகளைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. வருகிற ஆடியில் ஒரு கம்பத்தின் அடியில் நின்று, அதன் உச்சியை அடையாளமாக வைத்து மேகங்களைக் கவனியுங்கள். தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து விரைந்து வரும். அவற்றின் இடைவெளியில், மிக உயரே, பஞ்சைப் பிய்த்தாற்போன்ற வெண் கீற்று மேகங்கள் தெரிந்தால் பொறுமையாகப் பத்து நிமிடம் பாருங்கள். அவை எந்தத் திசையில் நகர்கின்றன? தேதி, நேரம், திசை மூன்றையும் நோட்டில் குறித்து, ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள்.