கெராங்கும் அதன் பெயரும்

பாரிட் புந்தார்ச் சந்தையில் நாம் ‘கெராங்’ என்று மலாய்ச் சொல்லாலேயே கேட்டு வாங்கும் சிப்பி, அறிவியலில் ‘தெகில்லார்கா கிரானோசா’ எனப்படும். 1758இல் லின்னேயசு இதற்கு இட்ட பெயர் ‘ஆர்கா கிரானோசா’. ஆர்கா என்பது இலத்தீனில் பேழை. கிரானோசா என்பது மணிகள் நிறைந்தது. ஓட்டின் வரிமேடுகளில் தானியமணி போன்ற புடைப்புகள் இருப்பதை விரலால் தடவியே அறியலாம்.

பின்னர் இது ‘அனதாரா’ என்னும் பேரினத்துக்கும், அங்கிருந்து தெகில்லார்காவுக்கும் மாற்றப்பெற்றது. முதற்சொல் இருமுறை மாறியும் இரண்டாம் சொல் நிலைத்துவிட்டது. பேரினம் மாறியதற்கு அடையாளமாக, முதலிற் பெயரிட்டவர் பெயரையும் ஆண்டையும் பிறைக்குறிக்குள் இடுவது விலங்கியல் மரபு. ஒரு பிறைக்குறி இவ்வளவு வரலாற்றைச் சுமப்பது, இலக்கணம் பயின்ற நமக்கு வியப்பே.

வகைப்பாடு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும் ஈரறிவுயிராக வைக்கிறது. உரைமரபு நந்தின்கீழ்ச் சங்கு, நத்தையையும், முரளின்கீழ் இப்பி, கிளிஞ்சலையும் அடக்குகிறது. ஓரோட்டுயிரும் ஈரோட்டுயிரும் அங்கேயே பிரிந்துவிட்டன! ஆயினும் பேராக் கடற்சேற்றில் 1948 முதல் வளர்க்கப்பெறும் இவ்வுயிருக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை.

ஈமோகுளோபினால் சதை சிவந்திருத்தலின், ஆங்கிலத்தை ஒட்டி ‘இரத்தச் சிப்பி’ என்பாருளர். இதன் உறவினங்கள் சிலவற்றுக்கும் அச்சிவப்பு உண்டு. ஆதலின் அப்பெயர் இதனைப் பிரித்துக் காட்டாது. பேரினப் பெயரை மொழிபெயர்த்தாலோ, அது மாறும்போது நம் சொல்லும் பொய்த்துவிடும். நிலைத்த சொல்லைப் பற்றி ‘மணிவரிச் சிப்பி’ என்று பாடநூலில் எழுதலாம் என்பது நம் கருத்து. சந்தையில் கெராங் என்றே கேட்போம்.