பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாய்

மரக்கறி ஏற்றிக் களுபோவில வழியாகக் கொழும்புக்கு வரும் கமக்காரர், தம் பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாயையும் கவனித்தல் வேண்டும். 1953இல் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனர் பிக்கப் போன்றவற்றின் இயந்திரம் சிறியது. அதற்குப் பருத்த குழாய் பூட்டினால் வலுக் கூடாது, ஓசைதான் கூடும். முன்னிருந்த அளவே போதும்.

குழாயின் வாய் சுமைத்தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருத்தல் அவசியம். தட்டின் கீழேயே முடிந்துவிடின், புகை பலகை இடுக்குகளால் மேலேறும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. மூட்டைமேல் அமர்ந்து வருபவரை அறியாமலே மயக்கிக் கொல்ல வல்லது. புகையில் கலந்துள்ள எதிலீனோ கீரையையும் பாகற்காயையும் மஞ்சளாக்கும்.

பெற்றோல் தாங்கியையும் பிறேக்குக் குழாய்களையும் விட்டு விலகியே புகைக்குழாய் செல்லட்டும். ஓடிவந்த வண்டியைச் சூடு ஆறுமுன் களத்து வைக்கோல்மீது நிறுத்தலாகாது. குழாயின் வெப்பமே தீமூட்டப் போதுமானது.