தகரப்பெட்டியில் மடித்து வைத்த பட்டா

அமெரிக்கத் தென்மாநிலத் தோட்ட முதலாளிகளின் குடும்பக் கடிதங்கள் இன்றும் நூலகங்களில் பத்திரமாக உள்ளன. அடிமைகள் அவற்றில் பெரும்பாலும் சொத்துக் கணக்காகவே வருகின்றனர். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆவணங்களும் இவ்வாறே. 1767 முதல் 1774 வரை படைப்பொறியாளர் தாமஸ் பர்னார்டு இப்பகுதியை ஊர் ஊராக அளந்தார்; வீடுகளும் வயல்களும் ஏறிய கணக்கில் சேரியின் குரல் ஏறவில்லை.

1891இல் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையே, அதிகாரியின் மொழியில்தான் எனினும், அக்குரலைக் கோட்டைக்குக் கொண்டுசென்றது. பறையர் தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்பதை அவர் எடுத்துரைத்தார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் அதன் வழி வந்தது. பத்தாண்டுகளுக்கு அதை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். இந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994இல் காரணையில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர்.

நம் குடும்பங்களில் கடிதக் கட்டுகள் இல்லை. பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு நிபந்தனைப் பட்டா இருக்கக்கூடும். அதுவும் இல்லையெனில், இன்றைய சிட்டாவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடலாகாது. பழைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு, குறிப்புக் கட்டத்தை முதலில் படிக்க வேண்டும்.