எயிற்பட்டினத்து விருந்தும் ஆயரின் தகுதியும்

கண்காணிக்குரிய தகுதிகளை எடுத்துரைக்கும் 1 தீமோத்தேயு 3:2, அந்நியரை உபசரித்தலையும் போதிக்கும் திறமையையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. தீத்து 1:8 முதலாவதை மீண்டும் வற்புறுத்துகிறது. போதிக்கும் திறமையைச் சோதித்தறிய நம் இறையியற் கல்லூரிகளில் தேர்வுகள் உண்டு. மற்றதையோ நாம் பெரும்பாலும் ஆயரின் துணைவியாருடைய அடுக்களைக்கு ஒப்புவித்துவிட்டோம்.

உபசரித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஃபிலொக்ஸெனியா'. அந்நியரிடத்தில் அன்பு என்பது அதன் பொருள். ரோமர் 12:13 இதனை நாடும்படி கூறுகையில் ஆளும் வினைச்சொல், பின்தொடர்ந்து துரத்துதலைக் குறிப்பது. அடுத்த வசனத்தில் துன்புறுத்துவோரைச் சுட்டுவதற்கும் அதே வினையே வருகிறது. எனவே, வாசலில் அமர்ந்து வருவோரை எதிர்பார்த்திருப்பது மட்டும் உபசரிப்பு ஆகாது. இன்னுமொன்று: 'க்ஸெனொஸ்' என்னும் சொல் அந்நியரையும் விருந்தினரையும் குறிக்கும், ரோமர் 16:23இல் பவுலுக்கு இடமளித்த காயுவையும் அச்சொல்லே குறிக்கிறது. ஏற்பவரும் ஏற்கப்படுபவரும் ஒரே பெயரைப் பெறுகின்றனர்.

தமிழிலும் 'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதுவகை நூலாக்கத்திற்கே அப்பெயரை இடுகிறது. பின்னர் அது புதிதாய் வந்தவரைக் குறித்து, இறுதியில் அவருக்கு இடும் உணவாயிற்று. நம் சபைகளின் ஐக்கிய விருந்துகளில் புதியவர் ஒருவரேனும் இல்லாதிருக்கக் காணும்போது, மாற்றம் சொல்லில் மட்டும் நிகழவில்லை என்றே எண்ணவேண்டியுள்ளது.

இப்பொருளை ஆழ்ந்து நோக்க நமக்குத் துணைசெய்யும் பழந்தமிழ் நூலொன்று, நாம் ஊழியஞ்செய்த கடற்கரைக்கே உரியது. மரக்காணத்திற்குத் தெற்கே, புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தை உள்ளது. இப்பகுதி பண்டைய ஓய்மானாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளைக் கொண்டது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கிடங்கில் என்பது திண்டிவனத்தைச் சார்ந்தது.

வள்ளலிடம் செல்லும் பாணர் குடும்பத்தை வழிநெடுகிலும் ஊட்டுபவர்கள் யாவர் என்பதைக் கவனித்தல் வேண்டும். எயிற்பட்டினத்தில் பரதவர், அலை ஒதுக்கிய நறுமண மரங்களை விறகாக்கித் தீமூட்டி, உலர்ந்த மீனைச் சுட்டு, வடித்த கள்ளுடன் அளிக்கின்றனர். (மதுவிலக்கில் உறுதியுள்ள வாசகர் பொறுத்தருள்வாராக.) வேலூரில் வேட்டுவப் பெண்கள் புளிச்சோறும் இறைச்சியும் தருகின்றனர். ஆமூரில் உழவர் வீட்டில் சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கிறது. வள்ளலின் வாசலை அடையுமுன்னரே இத்தனை எளியோர் விருந்தளித்துவிடுகின்றனர்.

வழிசொல்லும் பாணனும் முன்பு பசித்தவனே. கண் திறவாத குட்டிகளுடன் நாய் கிடந்த தன் அடுக்களையையும், குப்பையிற் பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்த தன் மனையாள், பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தாரோடு உண்டதையும் அவன் மறைக்கவில்லை. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. இன்று நம் இறையியற் கல்லூரிகளில் 'ஆற்றுப்படுத்துதல்' என்பது ஆலோசனைப் பணிக்குரிய கலைச்சொல்லாகிவிட்டது. கற்பிக்கும் நாம் பாணனின் பசியை மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த இறையியலாளர் டி. தி. நைல்ஸ் (1908–1970), நற்செய்திப் பணியை, உணவு கிடைக்குமிடத்தை ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்குச் சொல்வதற்கு ஒப்பிட்டார். இந்த ஒப்புமையைத் தமிழ் ஆயர்கள் வேற்றுநாட்டுச் சரக்காக எண்ணவேண்டியதில்லை.

ஆகவே ஆயர் தம்மை நல்லியக்கோடனின் இடத்தில் வைத்துக்கொள்வது தவறு என்பதே நம் கருத்து. அவர் பாணன், பிறர் கையில் உண்டவர். ஆண்டவர் எழுபது பேரைப் பணப்பையின்றி அனுப்பி, வீட்டார் தருவதை உண்ணும்படி கட்டளையிட்டார் (லூக்கா 10:4-8). மெலித்தா தீவில் கரைசேர்ந்த 276 பேருக்கு மழையிலும் குளிரிலும் தீமூட்டியவர்கள் சபையார் அல்லர், நம் பழைய மொழிபெயர்ப்பு அத்தீவாரையே 'அந்நியர்' என்று அழைக்கிறது (அப். 28:2). அங்கே அப்போஸ்தலன் விருந்தினன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் இக்கரையிலுள்ள குப்பங்களுக்கு உதவிகள் வந்தன. அவை தேவையானவை, அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவும், பெறுபவர் எப்போதும் பெறுபவராகவும் நின்றுவிட்டால், அங்கே தருமம் இருக்கலாம், பந்தி இராது.

இதனை நாம் தாமதமாகவே கற்றோம். ஐப்பசியில் மழை தொடங்கினால் உப்பளங்களில் வேலை நின்றுவிடும், கூலியும் நிற்கும். அத்தகைய அடைமழை நாளொன்றில் ஓர் உப்பளத் தொழிலாளியின் வீட்டிற்குச் செபிக்கச் சென்றோம். "ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அவ்வீட்டு அம்மையார். அடுப்பிலிருந்தது அவர்கள் பிள்ளைகளுக்கே போதாது என்றெண்ணி, சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னோம். அவர் ஒன்றும் கூறவில்லை. மறுமுறை அதே வேளையில் சென்றபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

உண்பவருக்கும் ஒழுங்கு உண்டு. ஊர் ஊராய் வரும் அப்போஸ்தலன் ஒருநாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று 'டிடாக்கே' எனப்படும் ஆதித் திருச்சபை நூல் கண்டிப்பாய்க் கூறுகிறது. அழைத்த வீட்டைச் சுமைக்குள்ளாக்கும் ஆயர்களை நாம் அறிவோம். அழைத்த வீட்டில் உண்ண மறுப்பவர் மேலானவர் என்று முன்பு எண்ணியிருந்தோம்.

மழை ஓய்வதற்கு முன் மூன்றாம் முறை அவ்வீட்டிற்குச் சென்று, "அம்மா, பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா?" என்று நாமே கேட்டோம். பழைய சோறும் சுட்ட கருவாடும் வந்தன. உண்டபின் செபித்தோம்.